ஒரு நல்ல பழமைவாதியின் கோட்டுப் பை

ஆலன் சிம்ப்சன் 2025 மார்ச்சில், 93 வயதில் இறந்தார். மாட்டுப் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த அமெரிக்க மேற்கு மாநிலமான வயோமிங்கிலிருந்து 1979 முதல் 1997 வரை செனட் உறுப்பினராக இருந்தவர், குடியரசுக் கட்சிக்காரர். நான் வாசித்த அஞ்சலிக் குறிப்புகளில் புகழ்ச்சிதான் மிகுதி. நகைச்சுவை மிக்கவர், எதிர்க்கட்சியினரோடும் நட்பு பாராட்டியவர், பழமைவாதியாக இருந்தும் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். இனி அப்படியொருவர் அந்தக் கட்சியில் வருவாரா என்ற ஏக்கம் அவற்றில் தெரிந்தது. அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை.

அவருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது வயோமிங்கின் ஹார்ட் மவுண்டன் முகாமில் ஜப்பானிய அமெரிக்கர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தார்கள். சாரணச் சிறுவனாக அங்கே போன சிம்ப்சன், முகாமிலிருந்த நார்மன் மினெட்டா என்ற சிறுவனோடு நட்பானார். பின்னாளில் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்தபோதும் அந்த நட்பு நீடித்தது. ஒருபாலீர்ப்பாளர்களின் உரிமைக்காகவும் அவர் பேசினார். இவை பொய்யல்ல.

ஆனால் ஓர் அரசியல்வாதி பெண்களின் பக்கம் நின்றாரா என்பதைக் கொள்கை அறிக்கையை வைத்து நான் அளப்பதில்லை. ஒரு பெண் அவர் எதிரே உட்கார்ந்து, தனக்கு நடந்ததைச் சொல்லும்போது அவர் என்ன செய்தார் என்று பார்க்கிறேன். சிம்ப்சனுக்கு அந்த நாள் 1991 அக்டோபரில் வந்தது.

உச்ச நீதிமன்றத்துக்குக் கிளாரன்ஸ் தாமஸின் பெயரை முன்மொழிந்திருந்தார் அதிபர் ஜார்ஜ் புஷ். தாமஸின் கீழ் வேலை பார்த்தபோது அவர் தன்னிடம் ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தார் என்றார் சட்டப் பேராசிரியர் அனிதா ஹில். விசாரித்த நீதிக் குழுவில் 14 பேர். அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். அவர்களில் ஒருவர் சிம்ப்சன்.

விசாரணைக்கு முன்பே செனட் அவையில் அவர் எச்சரித்தார்: இந்தப் பெண் காயப்படுவார், சிறுமைப்படுவார், துரத்தப்படுவார், அதுதான் உண்மையான தொல்லை, பாலியல் வகையைச் சேர்ந்தது அல்ல. இதைக் கரிசனம் என்று வாசித்தவர்களும் இருக்கலாம். எனக்கு அது மிரட்டலாகவே கேட்கிறது. அத்தனை வருடம் அந்த ஆளோடு ஏன் பேச்சு வைத்திருந்தாய் என்று ஹில்லிடம் அவர் கேட்டார். மேலதிகாரியின் பரிந்துரை இல்லாமல் அடுத்த வேலை கிடைக்காது என்பது வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவருக்கு அது தெரியவேண்டிய தேவையே வந்ததில்லை.

அதைவிட மோசமானது அந்தக் கோட்டுப் பை. தன் பையில் கடிதங்கள் பிதுங்குகின்றன, தொலைநகல்கள் வருகின்றன, இந்தப் பெண்ணிடம் ஜாக்கிரதை என்று அவை சொல்கின்றன என்றார் சிம்ப்சன். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று அவர் அங்கே விரித்துக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. ‘அவளைப் பற்றி ஊரே பேசுது’ என்று ஒருவர் சொன்னால் போதும்; பேசப்பட்டது என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊர்த் திண்ணையின் வேலையை செனட் மன்றத்தில் செய்துமுடித்தார் அவர்.

தாமஸ் 52–48 என்ற வாக்கில் வென்றார். சிம்ப்சன் ஒருவர் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்காது என்பது சரி. ஆனால் அவர் அன்று கட்சியின் கொறடா. வாக்குகளைத் திரட்டுவதே அவர் பொறுப்பு. அன்று நாலரை லட்சம் பேர் வாழ்ந்த வயோமிங்குக்கும், மூன்று கோடிப் பேர் வாழ்ந்த கலிபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டே இடம். அந்தச் சின்ன மாநிலம் தந்த பெரிய பலத்தை அவர் எங்கே செலவழித்தார் என்பதுதான் என் கேள்வி.

பதில் 2022 ஜூன் 24 அன்று வந்தது. ரோ தீர்ப்பை ரத்துசெய்து, கருக்கலைப்புக்கு இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பை நீக்கிய ஐந்து நீதிபதிகளில் தாமஸும் ஒருவர். ஒருவர் குறைந்திருந்தால் அந்தப் பெரும்பான்மை இல்லை. சிம்ப்சன் வாயால் ஆதரித்த உரிமையை அவர் கைதூக்கி அனுப்பிய நீதிபதி பறித்தார். மறு ஆண்டே வயோமிங் கருக்கலைப்பு மாத்திரைகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

இடையில் 2010இல், நாட்டின் கடனைக் குறைக்க அமைக்கப்பட்ட குழுவின் இணைத் தலைவராக இருந்தார் சிம்ப்சன். ஓய்வூதியத்தில் கைவைக்காதீர்கள் என்று கேட்ட முதிய பெண்கள் அமைப்பு ஒன்றின் நிர்வாகிக்கு அவர் எழுதிய பதிலில், அந்தத் திட்டத்தை 31 கோடி முலைக்காம்புகள் கொண்ட பசுவுக்கு ஒப்பிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். பதவியில் நீடித்தார்.

வயோமிங்குக்கு ‘சமத்துவ மாநிலம்’ என்று பட்டப்பெயர் உண்டு. 1869இலேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்த நிலம் அது. ஆண்கள் மிகுந்த அந்தப் பகுதிக்குப் பெண்களை வரவழைக்கும் ஆசையும் அதன் பின்னால் இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதே சட்டமன்றம் அந்த உரிமையைத் திரும்பப் பெறப் பார்த்தது. ஆளுநரின் மறுப்பால், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது தப்பியது. ஆண்கள் தம் பெருந்தன்மையால் தருவதாக நினைக்கும் உரிமையின் கதி இதுதான். கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் திரும்ப நீளும். சிம்ப்சனின் கருக்கலைப்பு ஆதரவும் அத்தகைய பெருந்தன்மைதான். கட்சி ஒரு பக்கம், ஒரு பெண்ணின் சொல் மறுபக்கம் என்று வந்தபோது அது நிற்கவில்லை.

ரோ ரத்தான 13ஆம் நாள், வெள்ளை மாளிகையில் சிம்ப்சனுக்கு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது வழங்கப்பட்டது. அணிவித்தவர் ஜோ பைடன். 1991இல் அந்தக் குழுவின் தலைவர். அவர் தாமஸை எதிர்த்து வாக்களித்தவர்தான். ஆனாலும் பழைய நண்பர்கள் இருவரும் மேடையில் இருந்தார்கள். அனிதா ஹில் அந்த மேடையில் இல்லை.

‘அவர் நல்லவர், கருத்துதான் கொஞ்சம் பழசு’ என்று யாரையாவது காட்டி நம்மிடம் சொல்வார்கள். அவர் எதை ஆதரித்துப் பேசினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பெண் வாய் திறந்த அன்று அவர் தன் பையிலிருந்து எதை எடுத்தார் என்று கேளுங்கள்.