முதல் வீடு: மாதத் தவணைக்கு முன்பே வழிமறிக்கும் 10 விழுக்காடு

கிள்ளானில் 3,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஓர் இளைஞர், 300,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தாலும் மீதி 30,000 வெள்ளியை அவர்தான் புரட்ட வேண்டும்.

நம்மவர்களில் பலருக்கு அந்தப் பணம் குடும்பத்திலிருந்து வருவதில்லை. தாத்தா இருந்தது தோட்டத்து லயத்தில். பிரிக்பீல்ட்ஸ் என்றால் ரயில்வே குவார்ட்டர்ஸில். வேலை முடிந்ததும் வீட்டையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். விற்கவோ அடகு வைக்கவோ பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மிஞ்சியிருப்பது இபிஎஃப் சேமிப்புதான். அதிலும் 2024 மே 11 முதல் கணக்கு மாறிவிட்டது. 55 வயதுக்குட்பட்டோரின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்குக்கும், 10 விழுக்காடு ஃப்ளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. வீட்டுக்கென்று எடுப்பது செஜாத்ராவிலிருந்து. முன்பு இரண்டாம் கணக்குக்கு 30 விழுக்காடு சென்றது.

3,000 வெள்ளி சம்பளத்துக்கு முதலாளி பங்கையும் சேர்த்து மாதச் சந்தா 720 வெள்ளி. அதில் செஜாத்ராவுக்கு 108 வெள்ளி. லாப ஈவைச் சேர்க்காவிட்டால், 30,000 வெள்ளி சேர 23 ஆண்டுகள் ஆகும். பழைய முறையில் 12 ஆண்டுகளுக்குள் சேர்ந்துவிடும்.

ஃப்ளெக்சிபல் கணக்கில் விழும் 72 வெள்ளியைக் கைப்பேசிக்கும் சுற்றுலாவுக்கும் எடுக்காமல் செஜாத்ராவுக்கு மாற்றினால், 23 ஆண்டு 14 ஆகக் குறையும். முதல் சம்பளத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு இது.

அரசு உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2027 இறுதி வரை உண்டு. நம் உதாரணத்தில் அது 6,350 வெள்ளி மிச்சம். சம்பளச் சீட்டு இல்லாத கிராப் ஓட்டுநர், கடைக்காரர் போன்றோருக்கு எஸ்ஜேகேபி கடன் உத்தரவாதம் இருக்கிறது.

ஆனால் முன்பணம் கிடைத்தாலும் 4 விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக் கடனுக்குத் தவணை மாதம் சுமார் 1,200 வெள்ளி. சம்பளத்தில் 40 விழுக்காடு அதற்கே போய்விடும். வரி விலக்கும் உத்தரவாதமும் வீட்டு விலையைக் குறைப்பதில்லை. 3,000 வெள்ளிக்காரருக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகாதவரை, தாத்தாவுக்கு லயம் போல பேரனுக்கு வாடகை வீடுதான்.