பணம் போன வழியில் பையன்களும் போகட்டும்

மஸ்கட் விமான நிலையத்தில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே கோல்கீப்பராக ஆடிவந்தவர் அலி அல் ஹப்சி. ஓமனில் கோல்கீப்பர் பயிற்சி தர வந்திருந்த இங்கிலாந்துக்காரர் ஜான் பர்ரிட்ஜின் கண்ணில் அவர் பட்டார். இங்கிலாந்தில் ஆட வேண்டியவர் என்று பர்ரிட்ஜுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உலகத் தரவரிசையில் பின்தங்கிய நாட்டின் வீரருக்கு அங்கே வேலை அனுமதி எளிதில் கிடைக்காது. அதனால் அலி 2003-இல் ஆஸ்லோவின் லின் கிளப்பில் சேர்ந்தார். மறு ஆண்டே நார்வேயின் சிறந்த கோல்கீப்பர் விருது அவரைத் தேடி வந்தது. 2006 ஜனவரியில் போல்டன் கிளப் அவரை வாங்கியது.

வாங்கியதே தவிர, ஆடவிடவில்லை. போல்டனில் கோல்கீப்பர் யுஸ்ஸி யாஸ்கெலைனன் அசைக்க முடியாத இடத்தில் இருந்தார். வாராவாரம் ஆட்டத்துக்கு முன் அவரோடு சேர்ந்து பந்து பிடித்துப் பழகுவது, விசில் ஊதியதும் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்காருவது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு இப்படியே போனது. சொந்த ஊரில் தேசிய அணியின் நாயகன் அவர். ஊர் திரும்பியிருந்தால் மாலை மரியாதை காத்திருந்தது. அவர் திரும்பவில்லை. 2007-இல் மியூனிக்கில் பயர்ன் அணிக்கு எதிராக போல்டன் 2-2 என்று சமன் செய்தபோது கோல் வாசலில் நின்றவர் அலி. பிறகு விகான் கிளப்புக்குப் போய் 2010-11 பருவத்தின் சிறந்த வீரரானார். விகான் 2013-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோதும் அந்த அணியில் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் விகானிடம் தோற்றது, அபுதாபிக்குச் சொந்தமான மான்செஸ்டர் சிட்டி.

அந்தக் கிளப்பை 2008-இல் அபுதாபியின் ஷேக் மன்சூர் வாங்கினார். 2021-இல் சவூதியின் பொது முதலீட்டு நிதியம் நியூகாசிலை வாங்கியது. வளைகுடாவின் பணம் இங்கிலாந்தின் புல்தரையில் வேர்விட்டுப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் ஓர் அமீரக வீரர்கூட மான்செஸ்டர் சிட்டியின் சீருடையில் லீக் ஆட்டத்துக்கு இறங்கியதில்லை. பணம் போன வழியில் பையன்கள் போகவில்லை. இது அந்தப் பையன்களின் குறையல்ல என்பதே நம் கருத்து.

அமீரகத்தின் அல் ஐன் கிளப்பின் ஒமர் அப்துல்ரஹ்மானை நினைத்துப் பாருங்கள். 2012-இல் அவர் மான்செஸ்டர் சிட்டியோடு சில நாள் பயிற்சி செய்தார். வேலை அனுமதியில் இடறி அந்தப் பேச்சு நின்றது. அவர் ஊரிலேயே இருந்தார், 2016-இல் ஆசியாவின் சிறந்த வீரரானார். அவருக்கு ஓர் ஆஸ்லோ வாய்க்கவில்லை. உள்ளூர் கிளப்புகள் தரும் சம்பளம் ஐரோப்பாவின் நடுத்தர அணிகளால் எட்ட முடியாதது. பத்தொன்பது வயதில் கைநிறையச் சம்பளமும் கைதட்டலும் கிடைத்தால், பெல்ஜியத்தில் ஒரு பெஞ்சில் குளிரில் உட்கார எந்தப் பையன் போவான்? அனுப்பிவைக்கும் கடமை கிளப்புகளுடையது.

அனுப்ப இடம் இல்லையா? மான்செஸ்டர் சிட்டியின் குழுமத்தின் கையில் பெல்ஜியத்தின் லொம்மெல் கிளப் இருக்கிறது, பிரான்சின் த்ருவா கிளப் இருக்கிறது. இங்கிலாந்தும் 2023-இல் விதியைத் தளர்த்தியது: புள்ளிக் கணக்கில் தேறாத வெளிநாட்டு வீரர்களில் நான்கு பேர் வரை ஒரு பிரீமியர் லீக் கிளப் எடுத்துக்கொள்ளலாம். வேலை அனுமதியைக் காரணம் காட்டிக் கைகழுவும் காலம் முடிந்தது.

இதில் அமீரகத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஷார்ஜாவில் மாலை வெயில் தணிந்ததும், கார்கள் நிற்கும் மணல் திடலில் இரண்டு ஜோடிச் செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துப் பையன்கள் ஆடுவதைப் பார்க்கலாம். ஒருவன் தமிழில் கத்துவான், ஒருவன் மலையாளத்தில், மூன்றாமவன் அரபியில். பந்து எல்லோருக்கும் புரியும். ஓரத்தில் டியூஷன் பையோடு ஓர் அம்மா நின்றுகொண்டிருப்பார். பத்தாம் வகுப்பு வந்ததும் பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த அம்மாவை நாம் குறை சொல்ல மாட்டோம். அப்பாவின் விசாவில் தங்கியிருக்கும் பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறெதை நம்பச் சொல்வது?

ஆனால் கதவு திறக்க முடியாததல்ல. கண்ணூர்க் குடும்பத்துப் பையன் தஹ்சின் முகமது கத்தாரில் வளர்ந்து, அல் துஹைல் கிளப்புக்கு ஆடி, 2024 ஜூனில் கத்தார் தேசிய அணிக்கு அழைக்கப்பட்டார். ஒமரும் ரியாத்தில், ஏமன் வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர்தான். அமீரகம் அவரைத் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. அங்கே பிறந்தவர்களும் வசிப்பவர்களும் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடலாம் என்று அமீரகம் விதியைத் தளர்த்திச் சில ஆண்டுகளாகின்றன. விதி இருக்கிறது, தேடிப் போகும் கண் இல்லை. கிளப்புகளின் தேர்வாளர்கள் அரபுப் பள்ளிகளுக்குப் போவதுபோல இந்தியப் பள்ளிகளின் மைதானங்களுக்கும் வர வேண்டும். கட்டணம் கட்ட முடிந்தவன் மட்டுமே பயிற்சி பெறும் நிலை மாற, கிளப்புகள் தங்கள் அகாடமிகளில் இலவச இடங்களை ஒதுக்க வேண்டும்.

சிறுவர்களை நாடு விட்டு நாடு மாற்ற ஃபிஃபா விதி பொதுவாக இடம் தராது; பதினெட்டு முடிய வேண்டும். அதுவரை அமீரகத்திலேயே வளர்க்கட்டும், முடிந்த மறுநாள் அனுப்பட்டும். அபுதாபியிடம் நாம் கேட்பது இதுதான்: அடுத்த பருவத்துக்கு லொம்மெலில் இரண்டு இடங்களை ஒதுக்குங்கள். ஒன்று அல் ஐன் பையனுக்கு. மற்றொன்று, ஷார்ஜாவின் அந்த மணல் திடலில் செருப்பைக் கோலாக வைத்து ஆடியவனுக்கு.