சோலார் இருந்தும் இருட்டு

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, மொட்டை மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டாச்சு. 78,000 ரூபாய் மானியமும் வந்துடுச்சு. நீங்களும் போடுங்க"ன்னான். சந்தோஷம்தான். ஆனா ஒரு கேள்வி கேட்டேன். "கரண்ட் போனா உன் வீட்ல பேன் ஓடுமா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஓடாது மாமா"ன்னான்.

டவுன்ல இருக்குற பல பேருக்கு இது போட்ட பிறகுதான் தெரியுது. மானியத்துல போடுறது ஈபி லைனோட சேர்ந்து ஓடுற சோலார். லைன்ல கரண்ட் நின்னா அதுவும் நின்னுடும். அப்படி நிக்கலைன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குற லைன்மேனுக்கு ஷாக் அடிச்சிடும். அதனால அது குறை இல்லை, பாதுகாப்பு. மாசா மாசம் ஏசி ஓட்டி ஆயிரக்கணக்குல பில் கட்டுறவங்களுக்கு அது லாபம். தாராளமா போடுங்க.

எங்க கணக்கு வேற. நாங்க இருக்குறது பேராவூரணி பக்கம். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், வயல் மோட்டாருக்கும் கரண்ட் இலவசம். கட்டுற பில்லே கொஞ்சம்தான், அதுல என்னத்த மிச்சம் பிடிக்கிறது? எங்களுக்குப் பிரச்சினை பில் இல்லை, இருட்டு.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ தென்னையோட கம்பங்களும் சாய்ஞ்சுது. எங்க தெருவுக்குக் கரண்ட் வர 20 நாளுக்கு மேல ஆச்சு. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத்தான் தண்ணித் தொட்டியை நிரப்பினோம். செல்போனுக்குச் சார்ஜ் போட வரிசையில நின்னோம். அம்மா அப்ப படுத்த படுக்கை. ராத்திரியில அவங்க கூப்பிட்டா மெழுகுவத்தியைத் தேடி ஏத்துறதுக்குள்ள மனசு பதறிப் போகும்.

அடுத்த வருஷமே கடன் வாங்கி ரெண்டு சின்ன பேனல், ஒரு பேட்டரி, இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினேன். 35,000 ரூபாய் ஆச்சு. ஒத்தைப் பைசா மானியம் இல்லை. கரண்ட் போனாலும் நாலு எல்இடி பல்பு, ஒரு பேன் விடிய விடிய ஓடும். பாடும் உண்டு. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், பேனல்ல காக்கா எச்சத்தையும் தூசியையும் கழுவணும். ஒரு தென்னை மட்டை நிழல் விழுந்தாக்கூட கரண்ட் வெகுவா குறைஞ்சிடும். பேட்டரியை அஞ்சாவது வருஷம் மாத்தினேன், அதுக்கே 14,000 ரூபாய் போச்சு.

என் ஆதங்கம் இதுதான். பெரிய மாடி வச்சிருக்கறவங்க பில் குறைய அரசாங்கம் 78,000 வரைக்கும் குடுக்குது. புயல் அடிக்கிற கரையோர ஊர்ல, ஓட்டு வீட்டுக்காரன் நாலு விளக்கு எரிய பேட்டரி வாங்கணும்னா அதுக்கு மானியம் கிடையாது. சோலார்னா பில்லைக் குறைக்கிறது மட்டும்தானா? அந்தப் பணத்துல ஒரு பங்கை இந்தச் சின்ன பேட்டரிக்கும் ஒதுக்கினா என்ன குறைஞ்சு போகும்?

இதையெல்லாம் அக்கா மகன் கிட்டயும் சொன்னேன். "அப்ப நானும் ஒரு சின்ன பேட்டரி வைக்கணும் மாமா"ன்னான். அவனால வாங்க முடியும், வாங்கிடுவான். எங்க தெருவுல வாங்க முடியாதவங்களைத்தான் நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். ஐப்பசி, கார்த்திகை வருஷா வருஷம் வருதே.