எந்தப் பனி?

ஒவ்வொரு மார்கழியிலும் நாளிதழ்களின் வாகனப் பக்கங்களில் ‘பனிக்காலத்தில் கார் ஓட்டுவது எப்படி’ என்பதுபோல் ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடுகிறது. ரேடியேட்டர் நீர் உறையாமலிருக்க மருந்து ஊற்றியாயிற்றா, டயர் சறுக்கினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது, கதவின் பூட்டு உறைந்துபோனால் என்ன செய்வது என்றெல்லாம் அக்கறையோடு சொல்லியிருப்பார்கள். ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காக எழுதப்பட்டது, மொழி மட்டும் மாறி நம் கைக்கு வந்திருக்கிறது என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். பொள்ளாச்சியில் கதவுப் பூட்டு உறைந்ததாக நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை. இங்கே விடிகாலையில் காரின் மீது நிற்பது தென்னை மட்டையிலிருந்து சொட்டிய நீர். ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அப்படிக் கிளம்புகிறவர் அடுத்த மைலில் எதிர்கொள்ளப்போகும் ஆபத்தைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரியும் இராது என்பதே நம் குறை.

குற்றம் மொழிபெயர்த்தவருடையது மட்டுமன்று. ‘பனி’ என்ற சொல்லே இதற்கு இடங்கொடுத்துவிடுகிறது. இலைநுனியில் நிற்கும் துளியும் பனி; நெல்வயலின் மேல் புகைபோலத் தவழ்வதும் பனி; உதகையின் புல்வெளியில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் வெள்ளையாகப் படிவதும் பனி; இமயத்தில் பஞ்சாகக் கொட்டுவதும் பனி. மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று பிரித்துச் சொல்ல வழியிருந்தும் பேச்சிலும் எழுத்திலும் நாம் அதைச் செய்வதில்லை. பெரும்பொழுதுகளை வகுத்தவர்கள் இதில் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கத் தொடங்குவது முன்னது என்றும், பிற்பகுதியில் இறங்குவது பின்னது என்றும் விளக்கம் சொல்வார்கள். தமிழ் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற இந்தப் பாகுபாடு, இரவில் வண்டி ஓட்டுகிறவருக்கு எவ்வளவு உதவக்கூடியது என்று எண்ணிப் பாருங்கள்! தையில் இரவு 9 மணிக்கே முன்கண்ணாடி மங்கத் தொடங்கும். மாசிக் கடைசியில் நள்ளிரவு தாண்டியும் சாலை தெளிவாக இருக்கும். விடியலுக்குச் சற்று முன்புதான் மறைக்கும்.

எந்தப் பனி என்பதைப் பொறுத்து, ஓட்டும் முறை மட்டுமல்ல, சாலையில் எந்த வண்டி கண்ணில் படும் என்பதுகூட மாறிவிடுகிறது. சாலையோரம் நின்று போகிற வருகிற கார்களைப் பார்ப்பதும், இன்ன மாதிரி, இன்ன ஊர் என்று சொல்லிக்கொள்வதும் உலகெங்கும் சிலருக்குப் பொழுதுபோக்கு. (நம் ஊரில் இதற்கெனச் சங்கம் எதுவும் இல்லை, பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்தாம் சங்கம்.) வெண்பனி கொட்டும் தேசங்களில் குளிர்காலம் இவர்களுக்குப் பஞ்சகாலம். சாலையில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்த நீரின் உறைநிலை தாழ்ந்துவிடுவதால் சாலை வழுக்காது. ஆனால் அதே உப்புநீர் காரின் அடிப்பாகத்தை அரித்துத் தின்றுவிடும். டொராண்டோவில் வாழும் நம்மவர்கள் கார் வாங்கும்போது முதலில் குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பது அதனால்தான். பழைய, அழகிய கார்களை வைத்திருப்பவர்கள் முதல் உப்பு விழுவதற்குள் அவற்றைக் கொட்டகைக்குள் பூட்டிவிடுகிறார்கள். வெளியே வருபவை எல்லாம் ஒரே சாம்பல் நிறப் படலம் பூசிக்கொண்டு, எண்பலகைகூடத் தெரியாமல் போகின்றன. அங்கே குளிர்கால டயர் என்பது வெறும் அறிவுரையும் அன்று. கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம்.

டில்லியின் கதை வேறு. அங்கே குளிர்காலத்தில் நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்கிவிடுகிறது. புகை முழுவதும் அதற்குள் அடைபட்டுப் பனியோடு கலக்கிறது. இந்த நச்சுக்காற்றை முன்னிட்டே, பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாதென்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் சில தளர்வுகள் வந்தன. விளைவு என்னவென்றால், அங்கு வயது முடிந்த பெரிய டீசல் கார்கள் தெற்கே விலைக்கு வருகின்றன. டில்லிப் பதிவெண்ணோடு கொங்குநாட்டுத் தோப்புச் சாலையில் ஒரு கார் போனால், அதை ஓட்டுபவர் பஞ்சாபி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நம் பக்கத்தில் சாலை உப்பும் இல்லை, கடற்காற்றின் உப்பும் இல்லை. எனவே 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் இன்றும் பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் சில வீடுகளில் மதிப்போடு வாழ்கிறது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வெளியே வருகிறது. இன்னும் பழையவற்றைப் பார்க்க விரும்புவோர் கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஆனால் பாலத்துச் சுவர்ப் பையன்களுக்கு உண்மையான அறுவடை கார்த்திகை முதல் நாளில் தொடங்கி மகரவிளக்கு வரை நீள்கிறது. மற்ற மாதங்களில் பொள்ளாச்சியின் டி.என். 41, கோவையின் 37, 38, 66, எல்லை தாண்டி வரும் பாலக்காட்டின் கே.எல். 09 என்று ஓடும் சாலையில், ஐயப்ப பக்தர்களின் காலம் வந்தால் கர்நாடகமும் ஆந்திரமும் தெலங்கானாவும் வந்து சேர்கின்றன. பழனி மலையைத் தரிசித்துவிட்டு உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, குருவாயூர் என்று போகிறவர்கள் இவர்களில் பலர். தெலங்கானாவின் எழுத்து 2024இல் டி.எஸ். என்பதிலிருந்து டி.ஜி. என்று மாறியதை இப்பையன்கள் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாலை சூடிய வேன்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அந்த மாலையைப் பற்றி ஒரு சொல். முன்பக்கம் சாமந்தி மாலையும் இருபுறம் வாழைக்கன்றும் கட்டிய வேன் பகலில் காண அழகுதான். பனி இறங்கிய இரவில் அம்மாலை முகவிளக்கில் பாதியை மறைத்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள் சரணம் சொல்லிக் களைத்துத் தூங்க, ஓட்டுநர் மட்டும் இரண்டாவது இரவாகவோ மூன்றாவது இரவாகவோ விழித்திருக்கிறார். பக்தியின் மேல் நமக்கு மாறுபாடு இல்லை. விளக்குக்குக் கீழே கட்டினால் மாலையின் புனிதம் குறைந்துவிடுமா என்ன?

இனி இந்தப் பனியைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை விரைவாக இழக்கிறது. ஆழியாற்றுப் பாசனத்தில் ஈரம் காயாத ஆனைமலைப் பக்கத்து வயல்களும் தோப்புகளும் வாய்க்கால்களும் அருகிலுள்ள காற்றில் ஈரத்தைச் சேர்க்கின்றன. காற்றும் அசையாது நின்றால் அந்த ஈரம் தரையை ஒட்டி மூடுபனியாகிறது. ஆகவே இது சாலை முழுவதும் சீராக இராது. வாய்க்கால் பாலத்தருகே கெட்டியாக, அடுத்த மேட்டில் சுத்தமாக, மீண்டும் பள்ளத்தில் கெட்டியாக என்று துண்டு துண்டாக வரும். வடஇந்தியச் சமவெளியில் நாள்கணக்கில் கவியும் பனியைவிட இது மெல்லியது; ஆனால் ஓட்டுநரை ஏமாற்றுவதில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. தெளிந்த மேட்டில் 80க்கு ஏறிய வேகம் பள்ளத்தில் குறைவதற்குள் எதிரே எதுவும் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த பனி என்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. கண் கண்டு கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதிலேயே 33 மீட்டர் போய்விடும். மீதமுள்ள 17 மீட்டருக்குள் வண்டி நிற்காது. காய்ந்த சாலையிலேயே அதற்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகமென்றால் எல்லாம் சேர்த்து 30 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். உயரொளி விளக்கைப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. பனியின் கோடிக்கணக்கான துளிகள் அவ்வொளியை நம் கண்ணுக்கே திருப்பியனுப்பி எதிரே ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிவிடும். தாழ்ந்த ஒளிதான் உதவும். பனிவிளக்கை பம்பருக்கு அருகே தாழப் பொருத்துவதும் இதற்காகவே. அதன் மஞ்சள் நிறத்தில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

பார்வை சுருங்கும்போது காது விழித்துக்கொள்கிறது. மூடுபனி இரவில் சாலையோரம் நிற்பவர், வருவது தேங்காய் லாரியா, டிராக்டரா, பழைய ஜீப்பா, பழனிப் பேருந்தா என்று ஒலியைக் கொண்டே சொல்லிவிடுவார். உருவம் பிறகுதான் வரும். ஒலியே எழுப்பாத மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்ட இந்நாளில் அந்தக் கடைசிப் பாதுகாப்பும் குறைந்துவருகிறது.

வால்பாறைச் சாலையின் பனி இன்னொரு வகை. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டையூசி வளைவுகளில் ஏறும் அச்சாலையில், ஒன்பதாம் வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்று அணையைப் பார்க்கிறவர்கள், மேலே கவர்க்கல் பக்கம் போனதும் தம் கார் மூக்கையே தேடுகிறார்கள். அது தரையிலிருந்து எழுந்த பனியன்று; மலைமேல் வந்து உட்கார்ந்த மேகம். மார்கழியைவிடத் தென்மேற்குப் பருவத்தில்தான் அது கெட்டியாக இருக்கும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியை அறியாத சமவெளி ஓட்டுநர்கள் வளைவில் முட்டிக்கொண்டு நிற்பது அங்கு அன்றாடக் காட்சி.

ஆனால் வால்பாறையில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. இருட்டிலும் பனியிலும் யானை நிற்பது தெரியாமல் எதிர்ப்பட்டு மனிதர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர், யானை இருக்குமிடத்தைக் குறுஞ்செய்தியாலும் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாலும் மக்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கினர். செல்பேசியால் எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகளை உயரத்தில் நிறுத்தினர். விளக்கு எரிந்தால் அருகே யானை உண்டு. எல்லோரும் நின்று கொள்வார்கள். இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. ‘நீயே பார்த்துப் போ’ என்று வழிப்போக்கரின் தலையில் கட்டிவிடாமல், அங்கே ஒரு உயிர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் பொறுப்பை வேறு சிலர் ஏற்றுக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இறங்கிப் பழனிச் சாலைக்கு வருவோம். 1920இல் ஜி.டி. நாயுடு தம் முதல் பேருந்தை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையேதான். இன்று அது தேசிய நெடுஞ்சாலை 83இன் ஒரு பகுதி. தைப்பூசத்தை ஒட்டி இச்சாலையில் பல்லாயிரம் பேர் காவடியோடும் காவடியின்றியும் பழனிக்கு நடக்கிறார்கள். தை மாதத்து நண்பகல் வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்க முடியாதாகையால் அவர்கள் அந்தியில் தொடங்கி விடியும் வரை நடக்கிறார்கள். மூடுபனி இறங்குகிற அதே நேரம். கூட்டத்துக்குள் வாகனம் புகுந்தது என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. படித்துவிட்டு ‘இருட்டில் ஏன் நடக்கிறார்கள்?’ என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியைக் காருக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்பது எளிது.

காவல்துறையினர் நடப்பவர்களின் பையிலும் முதுகிலும் ஒளிரும் பட்டை ஒட்டுகிறார்கள், நல்ல காரியம். அது ஒன்றே போதும் என்று இருந்துவிடுவதில்தான் நமக்கு உடன்பாடில்லை. மேலே போட்ட கணக்குப்படி 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்குப் பட்டை 50 மீட்டரில் பளிச்சென்று தெரிந்தாலும் பயனில்லை. தெரியவேண்டிய பொறுப்பை நடப்பவர் மீதும், நிறுத்தவேண்டிய பொறுப்பை யார் மீதும் வைக்காமலும் விட்டிருக்கிறோம். யமுனை விரைவுச்சாலையில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை கார்களின் உச்சவேகம் 100இலிருந்து 75ஆகக் குறைக்கப்படுகிறது. தேதி குறித்து வேகம் குறைக்க அங்கே முடிகிறதென்றால், தேதி பஞ்சாங்கத்திலேயே அச்சாகிவிடுகிற தைப்பூசத்துக்கு இங்கே ஏன் முடியாது?

நாம் கேட்பது பெரிதன்று. பூசத்துக்கு முந்தைய பதினைந்து இரவுகள், 9 மணி முதல் காலை 8 மணி வரை, பொள்ளாச்சி முதல் பழனி வரை 40 கிலோமீட்டர்தான் வேகம் என்று அறிவிக்க வேண்டும். வாய்க்கால் பாலங்களருகே, வால்பாறையில் யானைக்கு எரிவதுபோல், ஆள் நடமாட்டத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளை அந்த இரவுகளிலாவது அப்புறப்படுத்த வேண்டும். பொள்ளாச்சி கோவை மாவட்டத்தில் இருக்கிறது; உடுமலையும் மடத்துக்குளமும் திருப்பூர் மாவட்டத்தில்; பழனி திண்டுக்கல் மாவட்டத்தில். ஒரு மாவட்டத்தில் 40ஆகவும் அடுத்ததில் 80ஆகவும் இருந்தால் பயனில்லையாதலால் மூன்று ஆட்சியர்களும் ஒருமுறை கூடிப் பேசியாக வேண்டும். மழை ஓய்ந்து முதல் பனி இறங்குவதற்குள் மூவருக்கும் ஒரே வாசகத்தில் மனு அனுப்பவிருக்கிறோம். அச்சாலையில் ஓட்டுபவர்களும் நடப்பவர்களும் அதில் கையெழுத்திடலாம்.