ஓடாத சைக்கிளும் அறுநூறு கலோரியும்

ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டிருந்த மேட்டர் இது. சினிமாவும் இல்ல, அரசியலும் இல்ல, அதனால கூட்டம் கூடாதுன்னு தெரியும். இருந்தாலும் எழுதிடறேன். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் பெருக்கல் வகுத்தல்தான் :-)

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்னு வரிசையா கம்பெனிகள் வந்த பிறகு எங்க குன்றத்தூர் பக்கம் ஆள் நடமாட்டமே மாறிப்போச்சு. வாடகை வீடுகள், மெஸ்கள், அதோட கூட ஜிம்கள். அதுல கொஞ்சம் வசதியான ஜிம்கள்ல இப்ப 'ஸ்பின் கிளாஸ்' ஃபேமஸ். இருட்டு ரூம், கலர் லைட்டு, காது கிழியிற பாட்டு, முன்னாடி மைக் மாட்டின மாஸ்டர், எதிர்ல பத்து பதினஞ்சு சைக்கிள். 45 நிமிஷம் மிதிச்சாலும் ஒரு அடி நகராது. தென்னாப்பிரிக்காவுல பிறந்து அமெரிக்காவுல செட்டிலான ஜானி கோல்ட்பர்க்ங்கிறவர் 1990கள்ல பிரபலமாக்கின சமாச்சாரம். உலகத்தைச் சுத்திட்டு இப்ப நம்ம ஏரியாவுக்கும் வந்தாச்சு.

எனக்கு கிளாஸ் மேல எந்தக் கோபமும் இல்ல. நல்ல உடற்பயிற்சி. கோபமெல்லாம் கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் திரையை போட்டோ புடிச்சு வாட்ஸப்ல போடறாங்களே, அந்த நம்பர் மேலதான். "இன்னைக்கு 600 கலோரி!" "எனக்கு 650 பாஸ்!" ஜிம் வாசல் பேனர்லயும் அதேதான், 45 நிமிஷத்துல 600 கலோரி காலி.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு அந்த நம்பர் பெரும்பாலும் ஊதிப் பெருக்கினது. அதை நம்பி சாப்பிடக் கூடாது. ஜிம்காரங்களும் அதைக் காட்டி ஆள் சேர்க்கக் கூடாது.

ஏன்னு கேக்கறீங்களா? முதல்ல 600ங்கிறது எவ்வளவு பெரிய எண்ணுன்னு பாப்போம். (நாம பேச்சுவழக்குல கலோரின்னு சொல்றது எல்லாமே கிலோகலோரி. இங்கயும் அப்படித்தான்.) ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சேர்ந்து 2020ல வெளியிட்ட பரிந்துரையில 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாள் சக்தித் தேவை இப்படி இருக்கு:

உட்கார்ந்த வேலை - 2110
மிதமான உழைப்பு - 2710
கடும் உழைப்பு - 3470

முதல் ரெண்டையும் கழிச்சுப் பாருங்க. சரியா 600!

மிதமான உழைப்புன்னா யாரு? ஃபிட்டர், டர்னர், வெல்டர், கொத்தனார், தச்சர்... ஐ.சி.எம்.ஆர் இவங்களையெல்லாம் அந்த வகையிலதான் வச்சிருக்கு. அதாவது நம்ம பக்கம் விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறிப்போய் ஷிப்டு முழுக்க நின்னு, குனிஞ்சு, தூக்கி வேலை செய்யறவர், ஏசி ரூம்ல நாற்காலியில உக்காந்திருக்கறவரை விட ஒரு முழு நாள்ல கூடுதலா செலவழிக்கிறதே சுமார் 600தான். பெண்களுக்கு (55 கிலோ) இந்த வித்தியாசம் 470. ஒரு ஷிப்டு உழைப்பை 45 நிமிஷத்துல பாட்டு கேட்டுக்கிட்டே முடிச்சுட்டேன்னு மிஷின் சொன்னா, கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா?

இன்னொரு உள்ளூர்க் கணக்கு. எங்க முருகன் கோயில் மலைக்கு எண்பத்து சொச்சம் படி. படிக்கு 15 சென்டிமீட்டர்னு வச்சா 12, 13 மீட்டர் உயரம். 65 கிலோ ஆள் அதை ஒரு தடவை ஏறினா செலவாகிறது 8லேர்ந்து 10 கலோரி. அப்ப 600க்கு? அறுபது எழுபது தடவை ஏறணும் முருகா!!

சரி, மிஷின் எப்படி அந்த எண்ணைக் கண்டுபிடிக்குது? நிறைய ஜிம்கள்ல இருக்கிற சாதாரண ஸ்பின் சைக்கிள்ல நீங்க எவ்வளவு பலம் போட்டு மிதிக்கிறீங்கன்னு அளக்கிற கருவியே கிடையாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுற ஒரு சென்சார் மட்டும்தான். சுத்து எண்ணிக்கையை ஏதோ ஒரு நிலையான எண்ணால பெருக்கி திரையில காட்டுது. உங்க எடை கேக்கலை, வயசு கேக்கலை. முக்கியமா, நடுவுல இருக்கிற திருகைக் கூட்டி வச்சிருக்கீங்களா குறைச்சு வச்சிருக்கீங்களான்னே அதுக்குத் தெரியாது.

நம்பிக்கை இல்லன்னா சோதிச்சுப் பாருங்க. திருகை நல்லா தளர்த்திட்டு அஞ்சு நிமிஷம் சும்மா காலைச் சுத்துங்க. அப்புறம் திருகை இறுக்கி, மூச்சு வாங்க வாங்க அஞ்சு நிமிஷம் மெதுவா மிதிங்க. சுத்தை மட்டும் எண்ணுற மிஷினா இருந்தா, சும்மா சுத்தினதுக்குத்தான் அதிக கலோரி காட்டும். உழைச்சவனுக்குக் கம்மி, சுத்தினவனுக்கு ஜாஸ்தி. (இதை வச்சு அரசியல் பேசாதீங்க, நான் சைக்கிளைப் பத்தி மட்டும்தான் சொல்றேன் :-) )

அப்ப சரியான கணக்கு எது? சைக்கிள்ல ஒரு வசதி இருக்கு. நடைப்பயிற்சியிலயோ டான்ஸ்லயோ கிடைக்காத வசதி. பெடல்ல போடற வேலையை நேரடியா வாட்ஸ்ல அளக்க முடியும். அளக்கிற மிஷின் கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா இருக்கு. வாட்ஸை விநாடியால பெருக்கினா ஜூல். சராசரியா 100 வாட்ஸ்ல 45 நிமிஷம் மிதிச்சா 100 x 2700 = 2,70,000 ஜூல், அதாவது 270 கிலோஜூல்.

இப்ப ஒரு சுவாரசியம். ஒரு கலோரிக்கு 4.184 கிலோஜூல். ஆனா நம்ம உடம்பு அப்படி ஒண்ணும் சிக்கனமான இன்ஜின் இல்ல. எரிக்கிறதுல 20லேர்ந்து 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகும், மிச்சமெல்லாம் சூடு. (ஸ்பின் கிளாஸ்ல ஏன் அப்படி வேர்க்குதுன்னு இப்ப புரியுதா?) அதனால நாலால வகுக்கிறதும் நாலால பெருக்கிறதும் ஏறக்குறைய அடிபட்டுப் போயிடுது. திரையில வர்ற கிலோஜூலையே கலோரின்னு வச்சுக்கலாம். தாராளமா கணக்குப் போட்டா மேல ஒரு இருபது சதவீதம் சேர்த்துக்கங்க. அவ்வளவுதான் சூத்திரம்!

இதன்படி 45 நிமிஷத்துக்கு:

80 வாட்ஸ் - 215லேர்ந்து 260 கலோரி
100 வாட்ஸ் - 270லேர்ந்து 325
150 வாட்ஸ் - 405லேர்ந்து 485

புதுசா சேர்ந்தவங்க பெரும்பாலும் முதல் ரெண்டு வரியிலதான் இருப்பாங்க. 600 வேணும்னா சராசரியா 200 வாட்ஸுக்கு மேல, 45 நிமிஷமும், இறங்காம மிதிக்கணும். முடியாதுன்னு சொல்லலை. வருஷக்கணக்கா சைக்கிள் ஓட்டி பழகினவங்க செய்வாங்க. போன மாசம் ஜிம்ல சேர்ந்த, தொப்பையோட இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்க செய்ய மாட்டோம்.

வாட்ஸ் காட்டாத மிஷினா? அதுக்கு மெட் கணக்கு இருக்கு. சும்மா உக்காந்திருக்கிறது 1 மெட், அதாவது கிலோவுக்கு மணிக்கு சுமார் ஒரு கலோரி. எந்த வேலைக்கு எத்தனை மெட்னு ஆராய்ச்சியாளர்கள் போட்டு வச்சிருக்கிற பட்டியலோட 2011 பதிப்புல ஸ்பின் கிளாஸுக்கு 8.5. 65 கிலோ ஆளுக்கு 8.5 x 65 x 0.75 = 414. இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. அந்த முக்கால் மணி நேரம் நீங்க வீட்டு சோபாவுல கிடந்திருந்தாலும் 49 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழிச்சா கிளாஸால வந்த லாபம் 365. அதுவும் நல்லா முக்கி மிதிக்கிறவருக்கு. ஆரம்ப நிலை ஆளுக்கு 6 மெட்னு வச்சுக்கிட்டா லாபம் 245 கிட்டதான்.

"எங்கிட்ட ஸ்மார்ட் வாட்ச் இருக்கே"ன்னு சில பேர் கையைத் தூக்குவீங்க. 2017ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 60 பேர் கையில ஏழு வகை கருவிகளைக் கட்டிவிட்டு சோதிச்சாங்க. இதயத்துடிப்பை ஏழுல ஆறு கருவி 5 சதவீதப் பிழைக்குள்ள சரியா காட்டுச்சு. ஆனா கலோரி? இருக்கிறதுலயே நல்ல கருவியோட சராசரிப் பிழையே 27 சதவீதம். மோசமானது 93. அதுக்கப்புறம் கருவிகள் எவ்வளவோ மாறியிருக்கு. ஆனா துடிப்பை வச்சு கலோரியை ஊகிக்கிறதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு, அது நம்ம ஊர்ல இன்னும் பெருசு. மே மாச வெயில்ல, ஏசி சரியா வேலை செய்யாத ரூம்ல மிதிச்சுப் பாருங்க. அதே வாட்ஸுக்கு துடிப்பு ஏறிக்கிட்டே போகும். உடம்பைக் குளிர வைக்க இதயம் ரத்தத்தைத் தோலுக்கும் சேர்த்து அனுப்பணும் இல்லையா? வாட்ச் அதை உழைப்புன்னு நினைச்சு கலோரியில ஏத்திடும். வேர்வைக்கும் கொழுப்புக்கும் சம்பந்தம் இல்ல மக்கா. கிளாஸ் முடிஞ்சு எடை மிஷின்ல ஏறினா குறையுறது தண்ணி. ரெண்டு சொம்பு குடிச்சா திரும்ப வந்துடும்.

"விடுய்யா, ஒரு உற்சாகத்துக்கு நம்பர் காட்டறாங்க, அதுல உனக்கென்ன நஷ்டம்?" இதான் எல்லாரும் கேக்கற கேள்வி. நியாயமான கேள்விதான். எண் பெருசா தெரிஞ்சா மறுநாளும் வருவான், வந்தா உடம்புக்கு நல்லதுதானேன்னு.

நஷ்டம் சாப்பாட்டுல இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர், சுகர் உள்ளவர், கிளாஸ் முடிஞ்ச கையோட பரோட்டா கடைக்குப் போவார். "600 எரிச்சாச்சு சார், ரெண்டு பரோட்டா கணக்குல வராது"ம்பார். அவர் உடம்புல உண்மையில கூடுதலா போனது 250 இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் மட்டுமே 120 கலோரி. அப்ப ரெண்டு ஸ்பூன் எண்ணெயிலயே கிளாஸ் மொத்தமும் அடைஞ்சு போச்சு, மைதாவும் சால்னாவும் கணக்குக்கே வரலை. மூணு மாசம் கழிச்சு எடையும் குறையலை, சுகரும் குறையலை. மனுஷன் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? "எக்சர்சைஸ்லாம் நம்ம உடம்புக்கு வேலை செய்யாது சார்"னு ஜிம்மையே நிறுத்திட்டார்! உற்சாகத்துக்குக் காட்டின அதே நம்பர்தான் அவரை வெளிய அனுப்பிச்சு.

2023ல வந்த ஐ.சி.எம்.ஆர் ஆய்வு இந்தியாவுல 10 கோடிக்கும் மேல சர்க்கரை நோயாளிகள் இருக்காங்கன்னு சொல்லுச்சு. அப்படிப்பட்ட நாட்டுல இது விளையாட்டு நம்பர் இல்லீங்க.

இதுல வருத்தம் என்னன்னா, உண்மையைச் சொன்னாலே அந்த கிளாஸுக்கு மதிப்பு இருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான பயிற்சி, இல்லன்னா 75 நிமிஷம் கடுமையான பயிற்சியாவது வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. வாரம் மூணு கிளாஸ் போனா 135 நிமிஷம். மூச்சு வாங்க மிதிச்சா அந்த அளவைத் தாராளமா தாண்டியாச்சு. இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, ராத்திரி தூக்கம் வரும். மூட்டுல பாரம் விழறதும் ஓட்டத்தை விடக் கம்மி. இதையெல்லாம் பேனர்ல போடலாமே? எதுக்கு 600?

அதனால ஜிம் நடத்தறவங்களுக்கு மூணு கோரிக்கை:

1. பேனர்ல இருக்கிற கலோரி எண்ணை எடுத்துடுங்க. போட்டே ஆகணும்னா "200லேர்ந்து 400 வரை, ஆளைப் பொறுத்து"ன்னு போடுங்க.
2. மிஷின்ல வாட்ஸ், கிலோஜூல் இருந்தா அதைப் பார்க்கச் சொல்லிக்கொடுங்க. போன மாசம் 80, இந்த மாசம் 95ன்னா அதுதான் நிஜமான முன்னேற்றம், நிஜமான உற்சாகம்.
3. சுத்தை மட்டும் எண்ணுற மிஷின்னா கலோரி இடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுடுங்க. பத்து ரூபா செலவு.

நம்மள மாதிரி மிதிக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. திரை என்ன சொன்னாலும் பாதின்னு வச்சுக்கங்க. அந்தப் பாதியையும் தட்டுல போட்டு சாப்பிடாதீங்க.

உங்க ஊர் ஜிம்ல இருக்கிற சைக்கிள்ல வாட்ஸ் வருதா, சுத்து மட்டும்தான் எண்ணுதா? திருகைத் தளர்த்தி சோதனை செஞ்சு பார்த்துட்டு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமா சொல்லுங்க, கணக்கோட வாங்க :-)

பி.கு.: சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க, இந்த மாதிரி கிளாஸ் சேர்றதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நடுவுல சுகர் இறங்கிப்போற வாய்ப்பும் உண்டு. அதை எந்தத் திரையும் காட்டாது.