டீயை விட்டால் கோடீஸ்வரனாமே!

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி பெஞ்சில் தூங்காமல் வாசிக்கவும்.

என்னிடம் படித்த தம்பி ஒருவர் நேற்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கோட்டு போட்ட ஒருவர் பேசுகிறார். தினமும் 2 டீயை நிறுத்தி, அந்தக் காசை மாதாமாதம் முதலீடு செய்தால் 40 வருடத்தில் ஒரு கோடியாம். ஏழைகள் ஏழையாக இருப்பதற்குக் காரணம் பட்ஜெட் போடத் தெரியாததுதானாம். அதற்குக் கீழே தம்பி, "டீச்சர், நம்ம ஊர் சனங்களுக்கு நீங்க இதை எடுத்துச் சொல்லணும்" என்று எழுதியிருந்தார்.

சொல்கிறேன் தம்பி. முதலில் உனக்குச் சொல்கிறேன்.

டீ 15 ரூபாய் என்று வைத்துக்கொள். 2 டீக்கு மாதம் 900. வருடம் 12 சதவீதம் தவறாமல் வளர்ந்தால் 40 வருடத்தில் ஒரு கோடியைத் தாண்டும், ஒப்புக்கொள்கிறேன். விலைவாசி? வருடம் 6 சதவீதம் ஏறினாலே 40 வருடத்தில் பத்து மடங்காகிவிடும். அப்போதைய கோடிக்கு இன்றைய பத்து லட்சம்தான் மதிப்பு. இந்தக் கழித்தலை வீடியோக்காரர் போடவில்லை. நான் திருத்தினால் பாதி மார்க்தான்.

அவர் சொன்ன இன்னொன்று 50-30-20. வருமானத்தில் பாதி அவசியத்துக்கு, 30 ஆசைக்கு, 20 சேமிப்புக்கு. இதைப் பரப்பியது எலிசபெத் வாரன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் அவர் மகளும் 2005-ல் எழுதிய புத்தகம். அந்த ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு அது சரியாக இருக்கலாம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். புருஷன் பொண்டாட்டி சம்பாத்தியம் சேர்த்து 15,000. "ஆசைக்கு 4,500 ஒதுக்கணுமாம்மா" என்றேன். சிரித்தாள் பாருங்கள், தறிச் சத்தத்தையும் மீறி. "எங்க ஆசையே கேஸ் மாசக் கடைசி வரைக்கும் வரணுங்கிறதுதான் டீச்சர். அந்த 4,500 எங்க குடுக்காங்க, சொல்லுங்க, போய் வாங்கிக்கிறேன்."

வீட்டு வாடகை, குழுக்கடன் தவணை, மாமியார் சர்க்கரை மாத்திரை என்று விரல் விட்டு எண்ணினாள். நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. ரேஷன் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அது வராத வாரத்துக்கு என்ன குழம்பு என்பது வரை திட்டம் இருந்தது. வில்லிபுத்தூர் போக வேண்டுமானால் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, காசு கேட்காத டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். இவளுக்கா பட்ஜெட் தெரியாது?

1857-லேயே எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளிவிவரக்காரர் (கார்ல் மார்க்ஸின் நண்பர் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்) குடும்பக் கணக்குகளைப் பார்த்து ஒன்றைச் சொல்லிவிட்டார். வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடும். வயிறு சதவீதம் பார்ப்பதில்லை. ராத்திரி ஷிப்ட் பார்ப்பவனுக்கு டீயும் வடையும்தான் சாப்பாடு. அதை எப்படித் தம்பி ஆசைக் கணக்கில் எழுதுவாய்?

நானும் ஒரு காலத்தில் அந்தக் கோட்டுக்காரர் மாதிரிதான் பேசினேன். பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தராத அம்மாக்களைக் கூப்பிட்டு வைத்து, "திட்டம் போட்டுச் செலவு பண்ணுங்கம்மா. எண்ணெயை ஏன் தினம் 5 ரூபாய்க்கு வாங்குறீங்க? லிட்டரா வாங்கினா லாபம்தானே?" என்று பாடம் எடுத்திருக்கிறேன்.

2003 ஜூலை வந்தது. ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம். சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. (அது சரியா தவறா என்ற பஞ்சாயத்தை இங்கே ஆரம்பிக்காதீர்கள், சித்தப்பா.) என் வீட்டுக்காரருக்கு மில் சம்பளம், இரண்டு பிள்ளைகள். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த சிறுவாடு பத்து நாளில் காலி. நாட்டு பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் கடன் பத்திரம் வெளியிடுவார்கள். எனக்கு விழுந்தபோது கம்மல் அடகுக்குப் போனது. காதுத் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டேன். மளிகைக் கடையில் பற்று நோட்டை மூடிவிட்டார்கள்.

அப்போது நானும் 5 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினேன். லிட்டர் மலிவு என்று எனக்குத் தெரியாதா? ஒரு லிட்டருக்கான காசு ஒரே நாளில் கையில் இருக்க வேண்டுமே! இல்லாதவன்தான் அதிக விலை கொடுக்கிறான், தம்பி. நான் பாடம் எடுத்த அம்மாக்களில் ஒருவர் சந்தையில் காய்க்கடை வைத்திருந்தார். என் காதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கத்தரிக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு, "சம்பளம் வந்ததும் குடுங்க டீச்சர்" என்றார். அவர் என்னைப் பார்த்து "திட்டம் போட்டுச் செலவு பண்ணுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலை திரும்பக் கிடைத்தது. கம்மலும் வந்தது. அதற்கப்புறம் எந்த அம்மாவுக்கும் நான் எண்ணெய்க் கணக்குச் சொன்னதில்லை.

இப்போது நம் சொந்தக்காரர்கள் சிலருக்கும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து வருகிற மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயைப் பற்றி, "வெட்டியாச் செலவழிச்சிருவாளுக" என்று போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பேசினீர்கள். இலையில் பாதி பாயசத்தை அப்படியே வைத்து மூடியவரும் அதில் ஒருவர். பெயர் சொல்லவில்லை.

சரி, பேத்தி நாளை வருகிறாள். வில்லிபுத்தூரில் இறங்கி கால் கிலோ பால்கோவா வாங்க வேண்டும். தம்பி, அது 50-ல் வருமா, 30-ல் வருமா என்று உன் கோட்டுக்காரரிடம் கேட்டுச் சொல். 20-ல் வராது என்பது மட்டும் எனக்கே தெரியும்.