கோவிந்துவின் ஆர்க்கிட்

1838-ம் ஆண்டு சென்னையில் ஒரு புத்தகம் வெளிவரத் தொடங்கிற்று. முடியப் பதினைந்து வருஷம் பிடித்தது. ஆறு பாகங்களில் 2101 படங்கள்; அத்தனையும் நம் நாட்டுச் செடி கொடிகள். வெளியிட்டவர் டாக்டர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

எடின்பரோவில் வைத்தியம் படித்த வைட், 1819-ல் கும்பினியின் டாக்டராக இங்கே வந்தார். வைத்தியம் போக மிச்சப் பொழுதெல்லாம் செடிகளோடுதான். 1826-ல் இயற்கை ஆராய்ச்சிக்கென்றே சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. இரண்டே வருஷத்தில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு, அவரை நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வேறொருவராயிருந்தால் சலித்துப்போயிருப்பார். இவரோ ரங்கையா என்ற ஓவியரைக் கொண்டு படம் எழுதச் செய்து, கிளாஸ்கோவிலிருந்த ஹூக்கர் என்ற தாவர நிபுணருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

இது லேசான வேலையா? பறித்த பூ எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பூத்தொடுக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடுமுன் வரைந்தாக வேண்டும். முழுப் பூவை எழுதினால் மட்டும் போதாது. இதழைப் பிரித்து, மகரந்தக் காம்பு தனி, சூல்பை தனி, விதையை நறுக்கி உள்ளிருப்பது தனி என்று எல்லாம் ஒரே தாளில் வரவேண்டும்.

ரங்கையாவுக்குப் பின் கோவிந்து வந்தார். இதற்கிடையே 1842-ல் வைட்டைக் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிட அனுப்பினார்கள். அது பெரிதாகப் பலிக்கவில்லை. புத்தகம் மட்டும் நிற்கவில்லை.

அந்நாளில் ஓவியர்களை அமர்த்திக்கொண்ட துரைமார் பலர் உண்டு. படத்தில் ஓவியர் பெயரைப் போட்டவர்கள்தான் குறைவு. வைட் போட்டார். அதற்கு மேலும் போனார். 1853-ல், கடைசிப் பாகத்தில், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்று பெயர் சூட்டினார். கவர்னர்களுக்கும் புரொபஸர்களுக்கும் கிடைக்கிற மரியாதை அது. சம்பளத்துக்குப் படம் எழுதினவருக்குக் கிடைத்தது அபூர்வந்தான்.

அதே வருஷம் வைட் கப்பலேறினார். இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே பண்ணை வைத்து வாழ்ந்து, 1872-ல் காலமானார்.

கோவிந்தூயியா நிலைக்கவில்லை. அது டிராபிடியா என்ற முந்திய பேரினத்தைச் சேர்ந்ததே என்று பின்வந்த நிபுணர்கள் கண்டு, பெயரை நீக்கிவிட்டார்கள். முறைப்படி சரிதான், எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. நல்ல வேளை, படங்களின் அடியில் பொடி எழுத்தில் ரங்கையா, கோவிந்து என்ற பெயர்கள் அச்சாகிவிட்டன. அவற்றை யாரும் நீக்க முடியாது.